பொட்டா, பூச்சியா?

நஞ்சன்கூடு என்னும் பெயரைத் தமிழருக்குப் பிரித்துப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. நஞ்சுண்ட இறைவன் கோயில் கொண்டிருக்கும் ஊர். கபிலையாற்றின் கரையில் அமைந்த ஊர். அவ்வூரில் இந்நாளில் வேறொரு நஞ்சு சிறு சிறு புட்டிகளில் விற்பனையாகின்றது. வயலுக்கென்று வாங்குவோரைப் பற்றி நான் இங்குப் பேச வரவில்லை. அது வேளாண்மை பயிலும் நண்பர்கள் எழுத வேண்டிய கட்டுரை. வீட்டு வாயிலிலும் தாழ்வாரத்திலும் தொட்டியில் நிற்கும் அழகுப் பனைகளுக்கென்று வாங்குகிறார்களே, அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். நான் நேரில் பார்த்தவற்றுள் பல வேளைகளில் அந்த மருந்து, இல்லாத பூச்சியைக் கொல்வதற்காகவே தெளிக்கப்பட்டிருக்கிறது.

பிழைப்புத் தேடி என் பெற்றோர் சேலத்துப் பக்கமிருந்து நஞ்சன்கூட்டுக்குக் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தெருவில் ஒரு கன்னடத்துப் பாட்டியார் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை அஜ்ஜி என்றே அழைப்போம். நான் தாவரவியல் முதுகலை வகுப்பில் சேர்ந்த செய்தி தெரிந்த நாள் முதல், தெருவிலுள்ள செடிகளுக்கெல்லாம் என்னையே மருத்துவனாக நியமித்துவிட்டார். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், "ஹுளு பித்திதே, நோடப்பா" என்று கூப்பிட்டார். புழு விழுந்திருக்கிறது, பாரப்பா என்பது பொருள். (நம் புழுதான் அங்கே ஹுளு. பகரம் ஹகரமான கதையை மொழி நூல் பயிலும் தோழர்கள் சொல்லக் கேளுங்கள்.) அவர் கையில், மகன் பருத்திக் கொல்லைக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த மருந்துப் புட்டி இருந்தது. தொட்டிக்கு இரண்டு முழம் தள்ளி, அவருடைய பேரக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

அவர் காட்டிய செடி, நாற்றங்கால்காரர்கள் 'அரெக்கா பாம்' என்று விற்கும் தொட்டிப் பனை. முதலில் இந்தப் பெயரே ஒரு மயக்கம். உண்மையான அரெக்கா நம்முடைய கமுகு, கன்னடத்தில் அடிக்கே. தொட்டியில் நிற்பதோ மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. டிப்சிஸ் லூட்டெசென்ஸ் என்றும் கிரிசாலிடோகார்பஸ் லூட்டெசென்ஸ் என்றும் தாவர நூலார் அதற்கு இரண்டு பெயர்களை மாற்றி மாற்றி வழங்கி வருகின்றனர். மூங்கில் புதர் போலப் பல தண்டுகளாய்க் கிளைத்து, மஞ்சள் நிற மட்டைகளோடு விளங்கும். அம்மஞ்சளின் மீது, மிளகுத் தூளைத் தூவினாற்போலக் கரும்பழுப்புப் பொட்டுகள் எங்கும் காணப்படும். அஜ்ஜியின் புழு அதுதான்.

அந்தப் பொட்டுகள் செடியின் உடைமை. பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றில் இளம் மட்டையும் குருத்தும் மெல்லிய செதில்களாலோ மயிர்களாலோ போர்த்தப்பட்டே வெளிவருகின்றன. மட்டை நீண்டு பருக்கும்பொழுது, அந்தப் போர்வை அதனுடன் ஈடுகொடுத்து வளர்வதில்லை. துண்டு துண்டாய்ப் பிரிந்து நிற்கிறது. சிறு பிள்ளையின் சட்டையை வளர்ந்தவனுக்கு மாட்டினால் என்ன ஆகுமோ அதுதான். நின்றுபோன துண்டுகளே பொட்டுகள். தமிழில் இதைப் பொருக்கு என்று சொன்னால் பொருந்தும் என நினைக்கிறேன்.

பொருக்கையும் பூச்சியையும் பிரித்தறிவது எப்படி? இங்கேதான் பலரும் தவறான சோதனை ஒன்றைச் செய்கிறார்கள். "பத்து நிமிடம் பார்த்தேன், நகரவில்லை, ஆகவே பூச்சியில்லை" என்பர். வேறு சிலர், "கால் இல்லை, தலை இல்லை, ஆகவே பூச்சியில்லை" என்பர். இரண்டும் செல்லாது. செதிற்பூச்சி என்று ஓர் இனம் உண்டு. முட்டையிலிருந்து வந்த குஞ்சு சிறிது தொலைவு ஊர்ந்து ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கும். அங்கே தன் உறிஞ்சுமுனையை இலைக்குள் செலுத்தி, மேலே மெழுகினால் ஒரு மூடியைக் கட்டிக்கொள்ளும். பெண் பூச்சி அதன் பிறகு வாழ்நாள் முழுதும் அங்கிருந்து அசைவதே இல்லை. இப்படிப்பட்டதன் முன் எத்தனை நாள் காத்திருந்தாலும் அது நகராது.

ஆகவே நகத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு பொட்டை நகத்தால் மெதுவாகச் சுரண்டினால், பொருக்கு உலர்ந்த தவிடு போல உதிரும். அல்லது உதிராமல் தோலோடு ஒட்டி நிற்கும். எவ்வாறாயினும் ஈரம் இராது. செதிற்பூச்சியாயின் மூடி தனியே பெயர்ந்துவிடும். அடியில் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மெத்தென்ற உடல் இருக்கும். நசுக்கினால் ஈரம் கசியும். அது இருந்த இடத்தில் இலை வெளிறியிருக்கும். இந்தச் சோதனைக்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. பொற்கொல்லர் கையாளும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று இருந்தால் போதும்; கைப்பேசியின் படக்கருவியை அருகில் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நன்றே.

நகத்திற்கு அடுத்தபடி நான் நம்புவது ஒழுங்கை. செடி தானாக இடும் குறி ஒழுங்குடையது. ஒரு மட்டையில் இருப்பது எல்லா மட்டையிலும் இருக்கும். ஒரே வயதுடைய மட்டைகளில் ஒரே அளவாக இருக்கும். கடையிலிருந்து வந்த நாளிலேயே இருந்திருக்கும். பூச்சியோ குடியேறிய இடத்தில் மொய்க்கும். நரம்பை ஒட்டி, மடிப்பின் உள்ளே, காற்றும் நீரும் படாத மூலையில் கூட்டமாயிருக்கும்; பக்கத்து மட்டை துப்புரவாயிருக்கும். ஐயம் தீரவில்லையாயின் ஓர் ஓலையில் ஒரு சிறு வட்டத்தை மையால் வரைந்து, அதனுள் எத்தனை பொட்டு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் எண்ணுங்கள். பொருக்கு பெருகாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. "இலை பிசுபிசுப்பாக இல்லை, எறும்பும் வரவில்லை, ஆகவே செதிற்பூச்சி இல்லை" என்று சில கையேடுகளைப் படித்தவர்கள் முடிவு கட்டுவதுண்டு. மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, மென்மூடிச் செதிற்பூச்சி ஆகியவை இனிப்பு நீரைக் கழிப்பது மெய். அதை நாடி எறும்பு வருவதும் மெய். ஆனால் தென்னையிலும் அழகுப் பனைகளிலும் காணப்படும் ஆஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர் என்னும் செதிற்பூச்சி வன்மூடி இனத்தைச் சேர்ந்தது. அது இனிப்பு நீர் சுரப்பதில்லை. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள, கண்ணாடி போன்ற மெல்லிய வட்ட மூடி. அதனூடே மஞ்சள் உடல் தெரியும். ஓலையின் அடியில் அது இருக்கும். நேர் மேலே, ஓலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். மேலே மஞ்சள் புள்ளி கண்டால் உடனே ஓலையைத் திருப்பிப் பாருங்கள்.

திருப்பிப் பார்க்கும்போது அச்சமூட்டும் மற்றொன்று உண்டு. சில பனைகளின் ஓலையடியில், நடு நரம்பை ஒட்டிப் பழுப்பு நிறக் காகிதச் சுருள் போன்ற துணுக்குகள் இடைவிட்டு இடைவிட்டு ஒட்டியிருக்கும். ஒரு முனை நரம்போடு சேர்ந்தும் மறுமுனை தொங்கியும் நிற்கும். அவையும் செதில்களே. குள்ள ஈச்சையின் சிற்றோலைகளில் நடு நரம்பின் அடிப்புறம் சாம்பல் வெள்ளையாய்ப் பொடி படிந்தாற்போல் இருப்பதும் அவ்வாறே. நீலச் சாம்பல் நிறத்திற்காகவே பெருவிலை கொடுத்து வாங்கப்படும் பிஸ்மார்க் பனையின் வெண்மை, மெழுகுப் பூச்சு. அதைத் துணியால் துடைத்துத் துடைத்து, "பூச்சி போய்விட்டது, ஆனால் நிறமும் போய்விட்டது" என்று வருந்திய ஒருவரை எனக்குத் தெரியும். மாவுப்பூச்சியின் வெண்மை இப்படிச் சீராகப் படர்வதில்லை. மட்டையும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்காகத் திரண்டு நிற்கும். ஊசி முனையால் பஞ்சை விலக்கினால் உள்ளே கால்களுடைய உயிர் தெரியும்.

இனி நூல்கள். விசிறிப் பனைகளின் ஓலை விளிம்பில் வெள்ளை நூல் இழைகள் தொங்குவதைச் சிலந்தி வேலை என்றும் பூச்சிக்கூடு என்றும் பலர் எண்ணுகின்றனர். இதன் காரணம் மிக அழகானது. சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். முருங்கை, வேம்பு ஆகியவற்றில் ஒவ்வொரு சிற்றிலையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி அரும்பாக உருவாகிறது. பனைக் குடும்பத்தில் அப்படியில்லை. முழு ஓலையும் முதலில் ஒரே தகடு. விசிறிக் காகிதம் போல மடிப்பு மடிப்பாய் மடிந்து குருத்துக்குள் அடங்கியிருக்கும். வெளியே வந்து விரியும்பொழுதுதான் மடிப்புகளின் வழியே கிழிந்து தனித்தனிச் சிற்றோலைகளாகின்றது. தென்னங்கீற்றை நாம் கீற்று என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள், உண்மையிலேயே கீறப்பட்டதுதான். அவ்வாறு கிழியும்போது தகட்டின் ஓரப்பட்டை சில இனங்களில் கழன்று கயிறு போலத் தொங்கும். வேறு சிலவற்றில் கிழிந்த ஓரங்கள் நாராய்ப் பிரிந்து நிற்கும். ஓலை பிறந்ததற்கான அடையாளம் அது. மட்டையின் அடியில் நாம் பன்னாடை என்று சொல்லும் வலையும் இயல்பானதே. கிராமத்தில் பதநீர் வடிகட்டப் பயன்பட்ட பன்னாடை, நகரத்துத் தொட்டிக்கு வந்ததும் நோயாகிவிட்டது.

மடிந்த ஓலை என்ற செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்னொரு புதிரும் விடுபடும். காண்டாமிருக வண்டு தென்னையை மட்டுமன்றி அழகுப் பனைகளையும் தாக்கும். அது விரிந்த ஓலையைக் கடிப்பதில்லை. விரியாத குருத்தின் அடியில் துளைத்துச் செல்கிறது. மடித்த காகிதத்தைக் கத்தரிக்கோலால் ஒருமுறை வெட்டி விரித்தால் இருபுறமும் ஒத்த பூ வேலை தோன்றும் அல்லவா? சிறு வயதில் நாமெல்லாரும் செய்ததுதான். அது போலவே, குருத்து சில வாரங்கள் கழித்து விரியும்போது ஓலையில் கத்தரித்தாற்போல முக்கோண வெட்டுகள் நேர்த்தியாகத் தெரியும். இத்தனை நேர்த்தியைக் கண்டு, "இது இந்தச் செடியின் சாதி வழக்கம்" என்று எண்ணுவோர் உண்டு. இதற்கு நேர்மாறானது கூந்தற்பனை. மலைநாட்டுக் காடுகளில் தானே வளர்வது, கன்னடத்தில் பகனி. அதன் சிற்றோலைகளின் முனை மீன் வால் போலக் கடித்துப் பிய்த்த வடிவில் இருக்கும். அதைப் பார்த்து வெட்டுக்கிளி தின்றுவிட்டது என்பர். ஒழுங்கு என்று முன்னே சொன்னேனே, அந்த அளவுகோலை இங்கே வையுங்கள். கூந்தற்பனையில் எல்லா மட்டையிலும் எல்லாச் சிற்றோலையும் பிய்ந்த முனையுடையன. வண்டு தின்ற பனையிலோ ஒன்றிரண்டு மட்டைகளில் மட்டும் வெட்டு. அதற்கு முந்தியவை முழுமையாயிருக்கும்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். கீழ் மட்டை மஞ்சளானவுடன் மருந்து தேடுவது பெரும்பாலும் வீண். காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று நம் முன்னோர் சொன்ன பழமொழியில், அவர்கள் அறிந்தோ அறியாமலோ தாவர உடலியலும் அடங்கியிருக்கிறது. பொட்டாசியம், மக்னீசியம் என்னும் சத்துகள் மண்ணில் குறையும்போது, பனை அவற்றை முதிர்ந்த ஓலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. பொட்டாசியம் குறைந்தால் முதிர்ந்த ஓலைகளில் ஒளி ஊடுருவும் மஞ்சள், செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றி முனை கருகும்; மக்னீசியம் குறைந்தால் ஓரம் மஞ்சளாகவும் நடுப்பகுதி பச்சையாகவும் நிற்கும். அழகு கெடுகிறதென்று அந்த ஓலைகளை உடனே வெட்டிவிடுவது நல்லதன்று. குருத்து தன் பங்கை அடுத்த ஓலையிலிருந்து உருவத் தொடங்கும். வேண்டுவது உரம். எனினும் ஓலையின் அடிப்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கருந்தலைப் புழு என்ற தென்னைப் பகையும் கீழ் ஓலைகளிலிருந்தே காயச் செய்யும். அது இருந்தால் ஓலையடியில் எச்சமும் பட்டிழையும் சேர்ந்த சுரங்கப் பாதைகள் ஓடும். இயல்பாக முதிர்ந்த ஓலையின் அடி துப்புரவாயிருக்கும்.

இதுவரை படித்தவர்கள், "எல்லாம் இயல்பு என்று சொல்லி எங்களைத் தூங்க வைக்கிறாயா?" என்று கேட்கலாம். இல்லை. பூச்சி உண்மையிலேயே வந்த கதையும் நம்மிடம் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஓலையடி வெள்ளை பூசியதுபோல் ஆயிற்று. கீழ் ஓலைகளின் மேற்புறமும் ஊடுபயிர்களும் கரி பூசியதுபோல் ஆயின. கரும்படலம் கண்டவர்கள் நோய் என்றார்கள். உண்மையில் கரி வேறு, பகை வேறு. பகை வெள்ளை ஈ. நடு அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாட்டுப் பூச்சிகளைக் கொண்டு 2004-இல் பெயரிடப்பட்டது. 2009-இல் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. அலியூரோடிக்கஸ் ருகியோபெர்குலேட்டஸ் என்பது அதன் நூற்பெயர். சுருள் வெள்ளை ஈ என்று நம் உழவர்கள் அழைக்கின்றனர். முட்டைகளைச் சுருள் கோலமாக இடுவதால் வந்த பெயர். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்டுகிறது. அந்த இனிப்பில் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் ஓலையைத் தின்பதில்லை; ஒளியை மறைப்பதோடு சரி. தென்னையிலிருந்து வாழை, கொய்யா, அழகுப் பனைகள் எனப் பரவி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எங்கும் சென்றது.

அஞ்சியவர்கள் மருந்தடிக்கத் தொடங்கினார்கள். ஆனால் வெள்ளை ஈயின் பின்னாலேயே என்கார்சியா குவாடலூப்பே என்னும் குளவி இனமும் வந்து சேர்ந்திருந்தது. குளவி என்றதும் வீட்டுக் கூரையில் கூடு கட்டுவதை எண்ணவேண்டா. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. வெள்ளை ஈயின் இளம் பருவத்தினுள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று வளர்வது. பூச்சிக்கொல்லி, வெள்ளை ஈயைவிட இந்தக் குளவியைத்தான் எளிதில் கொன்றுவிடும். ஆகவேதான் தென்னையில் இரசாயன மருந்து தெளிக்க வேண்டாம், நீரை விசையாக அடித்தால் போதும், கரும்பூசணத்தை உரிக்க மாவுக்கஞ்சி தெளியுங்கள் என்று வேளாண் அறிஞர்கள் அறிவுரை கூறினர்.

இதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஓட்டையின் வடிவம். வெள்ளை ஈ தன் கூட்டிலிருந்து வெளிவரும்பொழுது மேலோடு ஆங்கிலத்து 'டி' எழுத்தைப்போலப் பிளக்கும். குளவி வெளிவந்திருந்தால் வட்டமாக வெட்டிய துளை இருக்கும். உருப்பெருக்கியால் பார்த்து, வட்டத் துளைகள் மிகுந்திருந்தால் மருந்துப் புட்டியை மூடி வைக்கலாம். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை அழுக்குத்தான்.

பொருக்குமில்லை, பூச்சியுமில்லை என்ற மூன்றாவது வகைக்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லிவிடுகிறேன். மைசூரைச் சுற்றியுள்ள தரிசுகளில் ஈச்சை மரம் காணாதவர் இருக்க முடியாது. அதன் முதிர்ந்த ஓலைகளில் இருபுறமும் சிறு கரும் மருக்கள் எழும்பியிருக்கும். தொட்டால் சொரசொரப்பு. பலரும் செதிற்பூச்சி என்றே அடித்துச் சொல்வர். உருப்பெருக்கியில் பார்த்தால், மருவின் நடுவில் குழி. குழியிலிருந்து மஞ்சள் நூற்கொத்து. அது கிராஃபியோலா என்னும் பூசணம். அழகுக்காக வைக்கும் குள்ள ஈச்சையிலும் வரும். பூச்சி மருந்தை இதன்மேல் ஊற்றுவது, காய்ச்சலுக்கு மூட்டைப்பூச்சி மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். மிகவும் பாதித்த அடி ஓலைகளை மட்டும் நீக்கினாலே போதும்.

கோவை நண்பர்களுக்காக ஒரு செய்தி. பனைச் செஞ்சிலந்தி என்று உலகமெங்கும் அஞ்சப்படும் ராவோயெல்லா இண்டிகா, 1924-இல் கோயம்புத்தூரில் தென்னை ஓலையிலிருந்து எடுத்துத்தான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. 2004-இல் கரிபியன் தீவுகளில் காணப்பட்டு அங்குள்ள தென்னையையும் அழகுப் பனைகளையும் அலைக்கழித்தது. ஓலையடியில் செந்நிறப் புழுதி போல இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் ஓலையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த புழுதி நடக்கத் தொடங்கினால் சிலந்தி, கிடந்த இடத்திலேயே கிடந்தால் புழுதி.

ஓலையை எவ்வளவு ஆராய்ந்தாலும் அகப்படாத பகை ஒன்றுண்டு. சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டினுள்ளே இருப்பது. தண்டில் துளையும், துளையிலிருந்து பழுப்பு நீரும், மென்று துப்பிய நாரும் கண்டால் பொட்டைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு அன்றே தோட்டக்கலைத் துறையாரை அழைக்க வேண்டும்.

அஜ்ஜியின் பனைக்கு ஈரத் துணியால் துடைப்பும், வாரம் ஒருமுறை தாழ்வாரத்திலிருந்து வெளியே எடுத்து நீர் அடிப்பும்தான் சிகிச்சை. புட்டி மீண்டும் கொல்லைக்கே போயிற்று. பொட்டுகள் இன்னும் இருக்கின்றன. தெருவில் கேட்போருக்கெல்லாம் அவரே இப்போது நகத்தால் சுரண்டிக் காட்டுகிறார்.

நம் விடுதிகளிலும் தொட்டிப் பனைகள் பல நிற்கின்றன. ஐயமுள்ள தோழர்கள் ஓலையின் ஒரு துண்டை, கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேர்ந்து வரும்படி வெட்டிக் கொண்டுவந்தால், எங்கள் துறை ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மறுநாளைக்குள் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். பிறகு எது செடியினுடையது, எது பையினுடையது என்று என்னாலும் சொல்ல முடியாது.